குதிரையின் இடப்பக்கம் நடந்தவன் தன் மகனுக்கு எழுதுவது

அன்புள்ள மகனுக்கு,

இதனால் சகலருக்கும் அறியத்தருவது என்னவென்றால், இன்று காலை தோட்டத்தில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்கு ஆள் கூடிக்கொண்டிருந்த வேளையில், உன் தகப்பனாகிய என் தலையில் முதலாவது நரைமுடி கண்டெடுக்கப்பட்டது. இடம்: இடது காதுக்கு மேலே. நிறம்: பால் வெள்ளை. நீளம்: என் முழங்கையிலிருந்து விரல் நுனி வரை. என் வயது பதினேழு. பாடசாலை விதிப்படி என் முடி ஒரு நெல்மணி நீளத்துக்கு மேல் வளரக்கூடாது. அப்படிப்பட்ட தலையில் இப்படிப்பட்ட நரை எப்படி வந்தது என்று யோசிக்காமல், நான் கண்ணாடி முன்னால் நின்று முதுமையை ஏற்றுக்கொண்டேன். வயதானவர்கள் பிள்ளைக்குப் புத்தி சொல்லிக் கடிதம் எழுதுவது வழக்கம். ஆகவே கொப்பியின் நடுத்தாளைக் கிழித்து ‘மகனுக்கு’ என்று தலைப்பும் போட்டுவிட்டேன். கொழுந்துக் கூடையை மாட்டிக்கொண்டு மலைக்குக் கிளம்பிய அம்மா அதன் பிறகுதான் அந்த முடியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ‘குதிர வாலு முடிடா இது. சனிக்கெழம வந்து தலைய கழுவுனியா நீ?’ என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

தலைப்புப் போட்ட தாளை வீணாக்க எனக்கு மனமில்லை. நீ இன்னும் பிறக்கவில்லை. உன் அம்மா யாரென்று எனக்குத் தெரியாது, அவளுக்கும் தெரியாது. இருந்தாலும் நீ ஒருநாள் வளர்ந்து, மீசை முளைத்து, என்னைப் பார்த்து ‘உங்களுக்கு என்னா தெரியும்’ என்று கேட்பாய். அந்த வயதில் நான் ரொம்ப நல்லவனாக, எல்லாரிடமும் சமமாக அன்பு காட்டியவனாக, தம்பிக்காகத் தேய்ந்தவனாக நடித்துக்கொண்டிருப்பேன். நம்பாதே. பதினேழு வயதில் எனக்கு இருந்த குணம் ஒன்றே ஒன்று, அது பொறாமை. அதை மறப்பதற்கு முன்னால் எழுதி வைக்கிறேன். உனக்கும் அது வரும்போது, இவன் பிள்ளைதானே நான் என்று ஆறுதல் கொள்ளலாம்.

பொறாமை யார் மேல் என்று கேட்பாய். உன் சித்தப்பா மேல். நான் இதை எழுதும்போது உன் சித்தப்பா ஜோயலுக்கு வயது பதினொன்று. முன்பல் ஒன்று பாதிதான் வந்திருக்கிறது. பிறக்கும்போது மூச்சு எடுக்கத் தாமதித்தவன். அந்தத் தாமதத்தில் மூளையிலிருந்து கால்களுக்குப் போகவேண்டிய கட்டளை வழியில் எங்கோ நின்றுவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். இரண்டு காலும் கத்தரிக்கோல் மாதிரி ஒன்றோடொன்று பின்னி இறுகிக் கிடக்கும். பேச்சு வரும், மெதுவாக வரும். ஆனால் வந்து சேர்ந்தால் கேட்டவன் மூக்கு உடையும். அவ்வளவு வாய்.

எங்கள் வீட்டில் எதுவானாலும் முதலில் அவனுக்கு. முட்டையில் மஞ்சள் அவனுக்கு, வெள்ளை எனக்கு. பஸ்ஸில் சன்னலோரம் அவனுக்கு, அவன் எனக்கு மடியில். கோயிலில் ஃபாதர் அவன் பெயரைச் சொல்லி மன்றாடுவார். என் பெயரை ஃபாதர் ஒரே ஒருமுறை சொன்னார், அதுவும் ‘வெளிய போ’ என்பதற்கு முன்னால். நான் சின்னவனாக இருந்தபோது ஒருநாள், அம்மா ஜோயலை முதுகில் கட்டிக்கொண்டு ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி, எங்கள் லயத்து வீட்டுக்கு ஏறும் மண்படிகளில் மூச்சு வாங்க நின்றார். நான் அவர் முன்னால் போய்க் கையை நீட்டி, என்னையும் தூக்குங்க என்றேன். ‘ஒனக்குத்தான் காலு இருக்குல்ல, நடந்து வாயேன்டா’ என்றார். கோபமாகச் சொல்லவில்லை, அலுத்துப்போய்ச் சொன்னார். அதுதான் வலித்தது. அதற்குப் பிறகு கொஞ்ச நாள் நான் வேண்டுமென்றே நொண்டிப் பார்த்தேன். செருப்பு அறுந்துவிட்டதா என்று கேட்டார்கள். மகனே, பொறுமைக்குக் கால் முளைத்தால் பொறாமை. எழுதிப் பார், தெரியும். எங்கள் வீட்டில் கால் முளைத்திருந்தது எனக்கு மட்டும்தான். உன் கால் எவ்வளவு நன்றாக இருந்தாலும், நீ கை நீட்டினால் உன்னைத் தூக்குவேன். என் இடுப்பு பிடித்துக்கொண்டால் எண்ணெய் தேய்த்துவிட வேண்டியது உன் பொறுப்பு.

இதெல்லாம் போதாதென்று ஆண்டவர் அவனுக்கு ஒரு குதிரையையும் கொடுத்தார். நிவித்திகலைப் பக்கம் பழைய துரை பங்களா ஒன்றை ஹோட்டலாக்கி வைத்திருக்கிறார்கள். வெளிநாட்டுக்காரர்கள் ஏறிப் படம் எடுத்துக்கொள்ள அங்கே ஒரு வெள்ளைக் குதிரை நிற்கிறது. பெயர் சூட்டி. சிங்களத்தில் அதற்குக் குட்டி என்று அர்த்தம். வயிறு மட்டும் கொழுந்து லொறி அளவு. சனிக்கிழமை காலையில் விருந்தாளிகளுக்கு அதைத் தரமாட்டார்கள். அன்றைக்கு, ஆஸ்பத்திரியில் ஜோயலுக்குக் கால் பயிற்சி கொடுக்கும் நிரோஷா மிஸ் தன்னுடைய லீவு நாளில் வந்து, நடக்க முடியாத பிள்ளைகளை அதில் ஏற்றுவார். குதிரை நடக்கும்போது அதன் முதுகு, மனிதன் நடக்கும்போது இடுப்பு அசைவது போலவே அசையுமாம். நடந்தே பார்க்காத இடுப்புக்கு நடை எப்படி இருக்கும் என்று குதிரை சொல்லிக்கொடுக்குமாம். அதன் உடம்புச் சூட்டில் இறுகிய கால்களும் கொஞ்சம் இளகும். ஜோயலுக்குக் குதிரை வைத்தியம் என்று லயத்தில் செய்தி பரவியதும், குதிரைக்கு என்ன நோய் என்று விசாரித்தார்கள். ஞாபக மறதி, ஜோயல் கதை சொல்லிக் குணப்படுத்துகிறான் என்று நான் முகத்தைச் சிரிக்காமல் வைத்துக்கொண்டு சொன்னேன். அடுத்த சனிக்கிழமை பக்கத்துக் காம்பரா வீட்டு அக்கா ஒரு கட்டு வல்லாரை கொடுத்தனுப்பினார். சூட்டி அதை ருசித்துத் தின்றது. என்னை மட்டும் ஒவ்வொரு வாரமும் புதிதாகப் பார்ப்பது போலத்தான் பார்த்தது.

சனிக்கிழமை அப்பாவுக்கு றப்பர் மலையில் பால் வெட்டு, அம்மாவுக்குக் கொழுந்து. ஒருநாள் போகாவிட்டால் அன்றைய பேர் விழாது, பேர் விழாவிட்டால் சம்பளம் இல்லை. ஆனால் வீட்டு ஆள் ஒருவர் கூட வராவிட்டால் குதிரையில் பிள்ளைக்கு இடமில்லை. குதிரைக்கு முன்னால் ஒருவர் கயிற்றைப் பிடித்து நடக்கவேண்டும்; இரண்டு பக்கமும் இரண்டு பேர், பிள்ளையின் தொடைமேல் கையைக் குறுக்கே வைத்துக்கொண்டு கூடவே நடக்கவேண்டும். முன்னால் குதிரைக்காரர் சுனில் மாமா. வலப்பக்கம் மிஸ். இடப்பக்கம், வேறு நாதியில்லாமல், நான். அவன் குதிரை ஏறினான், நான் பஸ் ஏறினேன், எங்கள் இரண்டு பேருக்கும் மேலே வெயில் ஏறியது. சவாரி அவனுக்கு, சாணி எனக்கு. குதிரைக்குச் சிங்களம்தான் தெரியும். ‘யமு’ என்றால் நடக்கும், ‘ஹோ’ என்றால் நிற்கும். நடக்கச் சொல்வது பிள்ளையின் வேலை என்பது மிஸ்ஸின் சட்டம். ஜோயல் பிடிவாதமாக, போவோம் என்று தமிழில்தான் சொல்வேன் என்றான். கொஞ்ச வாரத்தில் சூட்டி ‘போவோம்’ என்றதும் நடக்கத் தொடங்கியது. ஒரு சிங்களக் குதிரை அவனுக்காகத் தமிழ் படித்தது. நான் தமிழில் திட்டியபோது ஒரு காதைக்கூட அது திருப்பியதில்லை.

ஒருநாள் சுனில் மாமா தேத்தண்ணி குடிக்கப் போயிருந்தார். மிஸ் ஜோயலைக் கை கழுவக் கூட்டிப்போயிருந்தார். பிள்ளைகளை ஏற்றுவதற்காகக் கட்டிய பலகை மேடைப் பக்கத்தில் சூட்டி சும்மா நின்றது. நான் மேடையில் ஏறினேன், காலைப் போட்டேன், உட்கார்ந்தேன். என் வாழ்க்கையிலேயே மிக நல்ல சிங்களத்தில் ‘யமு’ என்றேன். ஒன்றும் நடக்கவில்லை, குதிரையும் நடக்கவில்லை. இரண்டு பக்கமும் ஆள் வந்து நிற்காமல் அது ஓர் அடிகூட எடுத்து வைக்காது, அப்படிப் பழக்கியிருக்கிறார்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது. கெஞ்சினேன், குதிகாலால் இடித்தேன், வல்லாரையை நினைவுபடுத்தினேன். டவுன் சந்தியில் வைத்த சிலை மாதிரி நாங்கள் இருவரும் நின்றோம். மேலிருந்து பார்த்தால் தரை மிகத் தூரத்தில் இருந்தது. ஒரு வெள்ளைக்காரப் பெண் வந்து என்னைப் படம் எடுத்தாள். அதற்குள் மிஸ் ஜோயலைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். அவன் புரையேறும் வரை சிரித்துவிட்டு, ‘அண்ணே, எறங்கத் தெரியுமா ஒனக்கு?’ என்று கேட்டான். பாடசாலையில் என் கூட்டாளிகளிடம் நான் குதிரையை ஓட்டினேன் என்றுதான் சொன்னேன். அது தலையை ஆட்டி ஈ ஓட்டியது, நான் மேலே இருந்தேன். கூட்டிப் பார்த்தால் பெரிய பொய் இல்லை.

இனி விளையாட்டு இல்லாத விஷயம். நான் சாதாரண தரப் பரீட்சை எழுதி முடிக்கும் வரை ஜோயலும் எங்கள் தோட்டப் பாடசாலையில்தான் படித்தான். காலையில் அவனைத் தூக்கிப்போய், சுவரோரப் பெஞ்சில் வைத்து, இடுப்புக்கு இரண்டு பக்கமும் தலையணை அடைத்துவிட்டு என் வகுப்புக்குப் போவேன். இடைவேளை மணி அடித்ததும் ஓடிவந்து, சரிந்து கிடப்பவனை நிமிர்த்தி வைப்பேன். நான் உயர்தரத்துக்கு டவுன் பாடசாலைக்குப் போனேன். நிமிர்த்தி வைக்க ஆளில்லை. பெஞ்சிலிருந்து விழுந்து கன்னம் கிழிந்து தையல் போட்டார்கள். பெல்ட் வைத்த நாற்காலி ஒன்று ஆஸ்பத்திரியில் கொடுத்துப் பார்த்தார்கள். ‘நா என்னா பார்சலா?’ என்று கேட்டுவிட்டு அதில் உட்கார மறுத்தான். பாடசாலை அதிபர் கெட்டவர் இல்லை. சாயாமல் தானாக உட்காரட்டும், அன்றைக்கே சேர்த்துக்கொள்கிறேன் என்று அப்பாவிடம் சொன்னார். ஆகவே எங்கள் வீட்டில் எல்லாருடைய ஜெபமும் ஒன்றுதான், ஜோயல் நேராக உட்காரவேண்டும். அவன் எழுத்துப் பிழையில்லாமல் எழுதுவான், கணக்கில் என்னைவிடக் கெட்டிக்காரன். பகல் முழுக்கக் காம்பராவில் படுத்து, பாடசாலை மணிச் சத்தத்தை எண்ணிக்கொண்டு கிடப்பான். ஆனால் குதிரையில் ஏற்றினால் ஒவ்வொரு வாரமும் இடப்பக்கமாகச் சாய்ந்துவிடுவான். என் தோளில் தலை வந்து முட்டும் அளவுக்குச் சாய்வான். மிஸ் வலப்பக்கம் வளையத்தைக் காட்டி எட்டிப் பிடிக்கச் சொன்னார், துணியைச் சுருட்டி அண்டை கொடுத்தார், குதிரையை எதிர்ச்சுற்றில் நடத்தினார். இடது பக்கம் பலம் போதாது போல என்று கடைசியில் எழுதிக்கொண்டார்.

அப்போதுதான் கீழ்ப் பிரிவுப் பையன்களோடு எங்களுக்குக் கிரிக்கெட் போட்டி வந்தது, அதுவும் சனிக்கிழமையில். சுடுதண்ணிப் போத்தலை நெற்றியில் வைத்துக்கொண்டு படுத்தேன். அம்மா தொட்டுப் பார்த்துவிட்டு, அன்றைய பேரை விட்டுவிட்டு, ஜோயலைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார். நான் மைதானத்துக்குப் போய் முட்டை போட்டுவிட்டு வந்து மறுபடி போர்வைக்குள் புகுந்தேன். மத்தியானம் படிக்கட்டிலேயே அம்மாவின் குரல் கேட்டது. ‘நேரா உக்காந்தான்டா. ஒரு சுத்து முழுக்க. சாயவே இல்ல’ என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்து தரையில் உட்கார்ந்து அழுதார். பால் வெட்டிவிட்டு வந்த அப்பா, ஜோயலின் சட்டையைத் தூக்கி, முதுகெலும்பு வழியாக மேலிருந்து கீழே ஒரு விரலை ஓட்டிப் பார்த்தார். மகனே, அந்த நேரம் சந்தோஷப்பட்டேன் என்று எழுத ஆசைதான். இத்தனை மாதம் வெயிலில், மழையில், அட்டைக்கடியில் அவன் தலையைத் தோளில் தாங்கி நடந்தவன் நான். அம்மா ஒரே நாள் போய், ஒரே சுற்றில், முழுப் பெயரையும் தட்டிக்கொண்டு வந்துவிட்டார். எரிச்சலில் எனக்கு நிஜமாகவே காய்ச்சல் வந்தது.

அடுத்த சனிக்கிழமை நானே முந்திக்கொண்டு போனேன். அம்மாவின் கையில் என்ன இருக்கிறதோ அது என் கையிலும் இருக்கிறது என்று காட்டவேண்டும். ஜோயல் ‘போவோம்’ என்றான், சூட்டி நடந்தது, வேலி வளைவுக்கு முன்னாலேயே அவன் தலை என் தோளில் வந்து விழுந்தது. மிஸ் குதிரையை நிறுத்தினார். கொஞ்ச நேரம் எங்களைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, என்னை வலப்பக்கம் வரச்சொல்லி, தான் இடப்பக்கம் போனார். குதிரை நடந்தது. ஜோயல் வலப்பக்கம் சாய்ந்தான். மறுபடி நிறுத்தினார். என் இடத்தில் ஹோட்டல் தோட்டக்காரரைக் கூப்பிட்டு விட்டுவிட்டு, என்னைச் சுற்றுப் பாதையின் மறுகோடியில் இருந்த ஜாம் மரத்தடியில் போய் நிற்கச் சொன்னார். ஜோயல் மரம் நட்டது போல நேராகச் சுற்றி வந்தான். மிஸ் என்னிடம் வந்து, அவருடைய பாதித் தமிழில் சொன்னார். ‘மல்லிக்கு லெப்ட் பக்கம் வீக் இல்ல. ஒயா எந்தப் பக்கமோ, மல்லி அந்தப் பக்கம் சாயுது.’

மல்லி என்றால் தம்பி, ஒயா என்றால் நீ. மகனே, அதை அவர் குற்றமாகச் சொல்லவில்லை. எப்படித் தூக்குவாய் என்று கேட்டார். காட்டினேன். எங்கள் மண்படியில் இறங்கும்போது வலப்பக்கம் பிடித்துக்கொள்ளக் குழாய்க் கம்பி. அதனால் வலக்கை கம்பிக்கு, இடது இடுப்பு ஜோயலுக்கு. ஏறும்போது உப்புமூட்டை. பெஞ்சில் வைத்தால் தலையணை. பஸ்ஸில் மடி. அவன் உடம்பு தானாக நிற்கவேண்டிய இடத்திலெல்லாம் நான் போய் நின்றிருந்தேன். ஜாம் மரத்தடியில் நின்று நான் இரண்டு விதமாகப் பொறாமைப்பட்டேன். முதலாவது, இத்தனை நாளும் அவன் விழாமல் இருந்தது என்னால் என்று நினைத்திருந்தேன், அந்தப் பெருமை இப்போது சூட்டிக்குப் போய்விட்டது. அதுகூடப் பரவாயில்லை. இரண்டாவதுதான் சொல்ல வெட்கமானது. அந்த வீட்டில் எனக்கென்று இருந்த ஒரே உத்தியோகம் ஜோயலைத் தாங்குவது. அம்மா என்னைத் திரும்பிப் பார்ப்பதே, ‘தம்பிய புடி’ என்று சொல்லத்தான். அவன் நேராக உட்கார்ந்துவிட்டால் என்னை எதற்குக் கூப்பிடுவார்? உத்தியோகத்தை ஒரு நாலுகால் சிங்களத்தி பறித்துக்கொண்டாள் என்று அந்தக் குதிரையை முறைத்தேன். அது வாலைத் தூக்கி எனக்குப் பதில் போட்டது. கூட்டி அள்ளினேன்.

திரும்பும் பஸ்ஸில் நான் பேசவில்லை. ஜோயல் சன்னலோரம். கஹவத்தைக்கு வேலைக்கும் கடைக்கும் போகிற கூட்டம் ஏறி இறங்கி, பஸ் கொஞ்சம் காலியானதும், கோபமா என்று கேட்டான். இல்லை என்றேன். போட்டியன்றைக்கு எனக்குக் காய்ச்சலே இல்லை என்றும், போத்தலைத் தான் பார்த்ததாகவும், அம்மாவிடம் சொல்லவில்லை என்றும் சொன்னான். ஏன் சொல்லவில்லை என்று கேட்கத்தான் வாயெடுத்தேன். வேறு கேள்வி வந்தது.

‘ஏன்டா எம் மேலயே சாயிற?’

‘நீ இருக்கல்ல’ என்றான். வளைவில் பஸ் சாய, அவனும் சாய்ந்து, கம்பியைப் பிடித்துத் தானே நிமிர்ந்தான். ‘நேரா உக்காந்தா முதுகு வலிக்குதுண்ணே.’

‘அப்ப அம்மா வந்தன்னிக்கு எப்புடி உக்காந்த? வலிக்கலையா?’

அவன் பதிலைத் தேடவில்லை. அவனுக்குச் சொல்வது மட்டும்தான் தாமதம்.

‘வலிச்சிச்சி. அம்மா மேல சாஞ்சா அம்மா விழுந்துரும்.’

மகனே, உனக்குப் புத்தி சொல்லும் கடிதம் இது என்பதால் இந்த இடத்தில் ஒன்று சொல்லவேண்டும், ஆனால் என்ன சொல்வதென்று எனக்கு இன்னும் தெரியவில்லை. அவன் அம்மாவை அவ்வளவு கவனித்து வைத்திருக்கிறான். நான் அவர் என்னைத் தூக்கவில்லை என்பதை மட்டும் கவனித்து வைத்திருந்தேன். அம்மாவின் இடது தோள்பட்டை கூடைக் கயிற்றால் இறங்கியிருப்பதை அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போதுதான் பார்த்தேன். சோறு போட்டவரிடம், எனக்கு நானே போட்டுக்கொள்கிறேன் என்றேன். ‘என்னாடா, மறுபடி காச்சலா?’ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். எனக்கு அது போதுமாக இருந்தது. கொஞ்ச நேரத்துக்கு.

மிஸ் ஒரு முறை வகுத்தார். என்னை விலக்கிவிட்டால் எப்போதும் எங்கேயாவது நான் இருக்கும் பக்கத்தைத் தேடுவான். ஆகவே நான் இடப்பக்கமே நடக்கவேண்டும், ஜாம் மரம் வரை தொடையில் கை வைத்திருக்கவேண்டும், மரம் வந்ததும் எடுத்துவிட்டு, கை எட்டும் தூரத்தில் சும்மா நடக்கவேண்டும். மரத்தடி வந்ததும் மிஸ் ‘அத அரின்ன’ என்பார், கையை விடு என்று. நான் விடமாட்டேன். குளவி பறந்தது என்பேன். குதிரை தடுக்கியது என்பேன். கையை எடுத்துவிட்டுச் சுட்டுவிரலை மட்டும் வைத்திருப்பேன், அந்த ஒற்றை விரலிலும் அவன் சாய்வான். ‘அத அரின்ன மல்லி’ என்று என்னையும் தம்பியாக்கிக் கெஞ்சினார் மிஸ். வாரங்கள் போய்க்கொண்டிருந்தன. தவணை விடுமுறை முடியப்போகிறது, புது வகுப்புத் தொடங்கிவிட்டால் இந்த வருஷமும் போய்விடும் என்று அப்பா அதிபரைப் போய்ப் பார்த்தார். அதிபர், சனிக்கிழமை நானே வந்து பார்க்கிறேன் என்றார்.

வந்தார். வெள்ளைச் சட்டையும், செருப்பில் சேறுமாக வேலியோரம் நின்றார். அப்பாவும் அம்மாவும் இரண்டு பேருமே அன்றைய பேரை விட்டுவிட்டு வந்து அவர் பக்கத்தில் நின்றார்கள். அப்பாவின் கை வேலிக் கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தது. ஜோயல் அவர்கள் பக்கம் பார்க்கவே இல்லை. ‘போவோம்’ என்றான். அன்றைக்கு நடந்ததை நான் லயம் லயமாகச் சொல்லியிருக்கிறேன். பஸ்ஸில் சொன்னேன், கோயில் வாசலில் சொன்னேன், பக்கத்துக் காம்பரா அக்காவிடம் நடித்தே காட்டினேன். மரத்தடி வந்தது. மிஸ் ‘அத அரின்ன’ என்றார். நான் வானத்தைப் பார்த்தேன். தம்பி, இனி உன் பாடு, உன் முதுகு என்று மனதுக்குள் சொல்லி, சிம்மாசனத்தைத் துறக்கும் ராசா மாதிரி கையை எடுத்து அந்தரத்தில் வைத்தேன். ஜோயல் ஒரு முழுச் சுற்று, அதற்கு மேலும் பாதிச் சுற்று, எந்தப் பக்கமும் சாயாமல் போனான். அதிபர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, ‘திங்கக்கிழமையே கூட்டிட்டு வாங்க’ என்று அப்பாவிடம் சொன்னார். என்னைப் பார்த்து, ‘நல்ல அண்ணன்பா’ என்றார். அம்மா எல்லார் முன்னாலும் என் தலையைப் பிடித்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். நானும் சாய்ந்தேன். விழமாட்டார் என்று தெரிந்த அளவுக்கு மட்டும்.

இப்போது அவன் பாடசாலைக்குப் போகிறான். நான் தூக்கிப்போய் பெஞ்சில் வைத்துவிட்டு என் பஸ்ஸுக்கு ஓடுகிறேன். ஒருநாள் இடது இடுப்பு, ஒருநாள் வலது, மிஸ்ஸின் கட்டளை. மத்தியானத்துக்கு மேல் முதுகு வலித்தால் மேசையில் கவிழ்ந்து கொஞ்ச நேரம் கிடப்பானாம், பிறகு நிமிர்வானாம். சாயங்காலம் கதை கதையாகச் சொல்கிறான். அந்தக் கதைகளில் நான் இல்லை. அவன் பெஞ்சில் இருக்கும் ஒரு பயல் எல்லாவற்றிலும் வருகிறான். அந்தப் பயலை எனக்குப் பிடிக்கவில்லை. பார், குணம் போகவில்லை, ஆள்தான் மாறியிருக்கிறது. உனக்கு ஒரு தம்பியோ தங்கையோ வந்து, நான் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தால், என் சட்டையைப் பிடித்து இழு. நொண்டாதே, நான் செருப்பைத்தான் பார்ப்பேன். வாயைத் திறந்து சொல்.

தாள் முடியப்போகிறது. மகனே, மேலே எழுதியதில் ஒரு இடம் சரியில்லை. மரத்தடி வந்தது, மிஸ் ‘அத அரின்ன’ என்றார், அதுவரை சரி. வானத்தை நான் பார்க்கவில்லை, அப்பா வேலிக் கம்பியைப் பிடித்திருந்ததைத்தான் பார்த்தேன். கை வரவில்லை. எடுக்க நினைத்தேன் என்றுகூடச் சொல்லமுடியாது. ஜோயல்தான் குதிரை முதுகில் கட்டிய பிடியிலிருந்து தன் இடக்கையை விடுவித்தான். சுருங்கிய விரல்களை விரிக்கவே அவனுக்கு எவ்வளவு நேரமாகும் என்று உனக்குத் தெரியாது. அதை என் கைமேல் வைத்து, முறத்தில் வாய் வைக்கும் கோழியை விரட்டுவது போல ஒரு தள்ளுத் தள்ளினான். வேலிப்பக்கம் கேட்காதபடி, ‘போண்ணே’ என்றான். பிறகு அந்தச் சுற்று முழுக்க, கையை எங்கே வைப்பதென்று தெரியாமல், சட்டைப் பைக்குள் விடுவதும் எடுப்பதுமாகக் குதிரைக்குப் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தேன். நான் ராசா மாதிரி கையை எடுத்த கதையை எத்தனையோ முறை அவன் எதிரிலேயே சொல்லியிருக்கிறேன். அவன் ஒருமுறைகூட மறுக்கவில்லை. உனக்கும் ஒருநாள் என் கையைத் தள்ளவேண்டி வரும். தள்ளு. அதை நானே எடுத்தேன் என்று பிறகு ஊருக்குச் சொல்வேன், நீயும் மறுக்காதே.